கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் ஏழு தூக்குப்போசி

எங்கள் பக்கத்தில் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்துக்குள் இருக்கிறது. சித்தூரிலிருந்து வரும் தனியார் பஸ் அங்கே ரேஷன் கடை முன்னால் வந்து நிற்கும். பலகையில் எழுதியிருக்கும் ஊர் அதோடு முடிந்தது. ஆனால் வண்டியைத் திருப்ப அங்கே இடம் கிடையாது. இன்னும் உள்ளே போய், அரிசி மில் களத்தில் வளைத்துத்தான் திரும்ப வேண்டும். களத்துக்குப் போகிற வழியில் வீடு இருப்பவர்கள் ரேஷன் கடையில் இறங்க மாட்டார்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர் ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டுக்கொண்டே போவார். டிக்கெட் ரேஷன் கடை வரைக்கும்தான். மிச்ச தூரம் மரியாதைக்கு.

என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், பிறந்ததிலிருந்து இந்த மரியாதையை அனுபவித்து வருகிறவர். ரேஷன் கடையிலேயே இறங்கி நடப்பவர்களைப் பார்த்தால் அவருக்கு விவரம் போதாதவர்கள் என்று தோன்றும். உலகத்தில் ஓடுகிற எல்லா வண்டிகளும் எங்கேயாவது உள்ளே போய்த்தான் திரும்பியாக வேண்டும் என்பது அவருடைய கருத்து. அந்தக் கருத்தில் தவறில்லை என்பதுதான் பின்னால் எங்களுக்கு வினையாக வந்தது.

அக்காவுக்கு ஒரே மகள். போன வருஷம் வடக்கே ஒரு பெரிய நகரத்தில் குடியேறிவிட்ட எங்கள் ஆட்களுக்கே கட்டிக்கொடுத்தோம். நகரத்தின் பெயரையும் மனிதர்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் தமிழ் படிக்கத் தெரியும்.

மகளுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் கட்டுச்சோறு கொண்டுபோகும் பேச்சு வந்தது. கொங்கு வழக்கம் உள்ள வீடுகளில் இது தப்பாமல் நடக்கிற ஒன்று. பெண்ணைப் பெற்றவர்கள் பலவகைச் சோறு ஆக்கி, ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாத்திரங்களில் கட்டி, மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பெண்ணை உட்காரவைத்து வளையல் போட்டு அந்தச் சோற்றை ஊட்டிவிட்டு, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். சோறு போகாமல் பெண் வராது. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

சம்பந்தியம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அவர் ஃபோனில் சோற்றைப் பற்றியே பேசினார்.

"கொண்டாங்க, வேண்டான்னு சொல்லுலீங்க," என்றார் அக்காவிடம். "ஆனா புதன்கெழமை பன்னண்டு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள புள்ளைக்கு மொத வாய் ஊட்டிப்போடோணும். ஊட்டீட்டா அன்னிக்கு சாயந்தரமே கூட்டீட்டுப் போங்க. தப்பிப் போச்சுன்னா இங்கயே பெத்துக்கட்டும். ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குதுங்க. லிஃப்ட்டு வெச்ச ஆஸ்பத்திரி."

வேறு நாள் பார்க்கலாமா என்று அக்கா கேட்டாள். அந்த வாரத்துக்கு மேல் விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றும், அந்த வாரத்தில் நல்ல நாள் அது ஒன்றுதான் என்றும் பதில் வந்தது. இரண்டும் உண்மை. நான் பஞ்சாங்கத்திலும் சரிபார்த்தேன். பெண்ணை அனுப்பச் சம்பந்தியம்மாவுக்கு மனமில்லை என்பது மட்டும் எந்தப் பஞ்சாங்கமும் இல்லாமல் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா ஃபோனை வைத்துவிட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண் வராத வீடு என்று ஊரில் பேசுவார்களே என்று சொல்லவில்லை. "பொறந்த கொழந்தையத் தண்ணி ஊத்தறதுக்கு அங்க யாருக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுப் புளியை எடுத்து வெயிலில் காயவைத்தாள்.

புறப்பட்டவர்கள் நான்கு பேர். அக்கா, மச்சான், தாய்மாமன் என்ற முறையில் நான், என் மனைவி. போக்குவரத்துப் பொறுப்பு என்னுடையது. பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்க்கிறவன், எதையும் எழுதிவைக்கிறவன் என்பதால் இப்படிப்பட்ட பொறுப்புகள் என்னிடம் வந்து சேரும். மனைவி சூரியநெல்லியில் எஸ்டேட் குடியிருப்பில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சின்னக்கானல் பக்கம் ஒரு சுற்றுலா விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அதனால் அவளுக்கு இந்தி தெரியும். எந்த அளவுக்குத் தெரியும் என்றால், வந்தவர்களுக்கு அறை கொடுக்கவும், வெந்நீர் வரும் நேரம் சொல்லவும், அறையைக் காலி செய்ய வைக்கவும் போதுமான அளவு.

முந்தின நாளே போய், சமையலறை உள்ள ஒரு வாடகை வீட்டில் தங்கினோம். சம்பந்தி வீட்டிலேயே தங்கலாம். ஆனால் அந்த வீட்டு அடுப்பில் ஆக்கி அந்த வீட்டுக்கே சீர் கொண்டுபோவது சரியில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தக்காளிச் சோறு, தயிர்ச்சோறு. ஏழு வகைக்கும் ஏழு தூக்குப்போசிகளை அக்கா ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். மூடியும் கைப்பிடியும் உள்ள எவர்சில்வர் போசிகள். கவிழாது, சிந்தாது, கையில் மாட்டினால் இறங்காது.

நகரத்தின் சாலைகள் காலையில் நகராது என்று விசாரித்து வைத்திருந்தேன். எனவே மெட்ரோ. பெரிய லைனில் போய் ஒரு ஜங்ஷனில் மாறி, அங்கிருந்து பிரிகிற ஒரு சின்ன லைனில் ஏற வேண்டும். அந்தச் சின்ன லைன் முழுக்கப் பூமிக்கடியில் ஓடுகிறது. மொத்தமே நான்கைந்து ஸ்டேஷன்கள்தான். அதன் கடைசி ஸ்டேஷன், நகரம் முடிந்து கோதுமை வயல் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. சம்பந்தி வீடு அதற்கும் கொஞ்சம் அப்பால்.

முதல் தடை ஸ்டேஷன் வாசலில். பைகளை ஊடுருவிப் பார்க்கும் யந்திரத்தில் ஏழு போசிகளையும் வரிசையாக விட்டோம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெல்ட்டை நிறுத்தினார். ஏழு கருப்பு வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ நிரம்பி இருக்கிறது. அவர் எழுந்து நின்றே பார்த்தார். பிறகு ஒரு பெண் காவலர் வந்து மூடிகளைத் திறக்கச் சொன்னார்.

"ஒண்ணொண்ணாத் தெறங்க," என்றாள் அக்கா. "எல்லாத்தையும் ஒரேயடியாத் தெறந்தா கமகமன்னு அடிச்சு, இவங்க வேலை கெட்டுப் போயிரும்."

என் மனைவி முன்னால் போனாள். "மேடம், வெஜ் ஹை. புஃபே," என்றாள்.

காவலர் சோற்றைப் பார்த்தார், அக்காவின் பையிலிருந்த வளையல்களைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "கோத் பராயீ?" என்றார். அவர்கள் பக்கத்து வளைகாப்புக்கு அதுதான் பெயராம். என் மனைவிக்கு அது அப்போது தெரியாது.

"எஸ் மேடம். ஸேம் பேக்கேஜ்," என்றாள்.

போகவிட்டார்கள். புளிச்சோற்று மூடியைக் காவலரே அழுத்தி மூடிக்கொடுத்தார்.

பெரிய லைனில் நின்றுகொண்டே போனோம். ஜங்ஷனில் இறங்கி, நகரும் படிக்கட்டில் இரண்டு தளம் கீழே போய், சின்ன லைனின் ரயிலைப் பிடித்தோம். அங்கே ரயில் காலியாக நின்றது. ஜன்னல் வழியாகத் துண்டு போட வேண்டிய அவசியமே இல்லாமல் சீட் கிடைத்ததில் மச்சானுக்குச் சற்று ஏமாற்றம். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தோம். மூன்று போசி மச்சானின் காலடியில், இரண்டு மனைவியிடம், இரண்டு என்னிடம். வளையல் பை அக்காவின் மடியில். பதினோரு மணிகூட ஆகவில்லை. என் திட்டத்தில் இதுவரை ஒரு பிசகும் இல்லை என்பதை நான் மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

கொஞ்சம் போனதும் ரயில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் நின்றது. முன்னால் ஏதோ தடை என்று அறிவிப்பு வந்தது. நின்றது நின்றபடியே இருந்தது. அக்கா கையிலிருந்த வாட்ச்சைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் நேரம் தெரியும்போல.

"நேரம் இருக்குதா தம்பி?"

"இருக்குதுக்கா."

"எவ்வளவு இருக்குது?"

"இருக்குதுன்னு சொன்னனில்ல."

ரயில் மறுபடி நகர்ந்து கடைசி ஸ்டேஷனுக்கு வந்தபோது, கையிலிருந்த நேரத்தில் பாதி போயிருந்தது. கதவு திறந்தது. எதிரே பிளாட்பாரத்தில் சம்பந்தியம்மா பட்டுப்புடவையில் நின்றிருந்தார். பக்கத்தில் எங்கள் பெண். சீர் கொண்டு வருகிறவர்களை எதிர்கொண்டு அழைப்பதில் குறை வைக்கக்கூடாது என்று, எங்கும் போகாமலே இரண்டு டிக்கெட் எடுத்து உள்ளே வந்திருக்கிறார். பெண்ணைப் பார்த்ததும் அக்கா வளையல் பையோடு இறங்கிவிட்டாள். நானும் எழுந்தேன். என் மனைவியும் எழுந்தாள். மச்சான் எழவில்லை.

"மச்சான், எறங்குங்க. கடைசி ஸ்டேஷன் வந்துருச்சு."

"வரட்டுமுங்க மாப்ள. அதுக்குத்தான் அவசரமில்லீங்கறேன்," என்றார் மச்சான். "வண்டி திரும்போணுமல்லங்க? உள்ள போயித்தான திரும்புவான். சம்பந்தி ஊடு இன்னும் அக்கட்டால இருக்குது. நாங் கல்யாணத்துக்குக் கார்ல வந்தப்பப் பாத்து வெச்சிருக்கறேன். போசியத் தூக்கீட்டு இங்கிருந்து எதுக்கு நடக்கோணும்?"

"இது பஸ் இல்லீங்க மச்சான்."

"பஸ்ஸுன்னு நான் சொன்னனுங்களா?"

வெளியே பிளாட்பாரத்தில் ஒரு காவலர் இறங்கச் சொல்லிக் கையைக் காட்டியபடி வேகமாக வந்தார். மச்சான் பதிலுக்கு அவருக்குக் கையைக் காட்டினார். என் இரண்டு கையிலும் போசி மாட்டியிருந்ததால் மச்சானைப் பிடித்து இழுக்க முடியவில்லை, வாயால்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மச்சானின் மூன்று போசிகளுக்கும் தன் இரண்டு போசிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தாண்டவும் முடியாமல் நகர்த்தவும் முடியாமல் நின்றாள். கதவு மூடியது.

கண்ணாடிக்கு வெளியே அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் திறந்திருந்தது. சம்பந்தியம்மா மேலே தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் இருட்டுக்குள் போனது.

"பாத்தீங்களா," என்றார் மச்சான். "போறான் பாருங்க."

போனது உண்மை. சற்று தூரம் போய், விளக்குகளில் பாதி அணைந்து, நின்றது. இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர். மச்சான் ஜன்னலில் கையைக் குவித்து வைத்து வெளியே பார்த்தார். வாசல் எதுவும் தென்படவில்லை.

"என்ன அண்ணே, களம் வந்துட்டுல்லா," என்றாள் என் மனைவி. எஸ்டேட்டில் அவள் வீட்டில் பேசுவது திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். கோபம் வந்தால் அது இன்னும் தெளிவாக வரும். "எறங்கி நெல்லைக் காயப் போடுங்க. நாங்க காக்கா வெரட்டுதோம்."

"இரு அம்மணி. எதாவது ஏத்தற எறக்கற வேலை இருக்கும்."

"எதை ஏத்துதாவ? நம்மளத்தான் ஏத்திட்டாவளே. மதினி அங்க ஒத்தையில நிக்காவ. சம்பந்தி மணியப் பாத்துக்கிட்டு நிக்காவ. சோறு இங்க குகைக்குள்ள உக்காந்திருக்கு."

மச்சான் அப்போதுதான் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேரம் இருக்குதுங்களா மாப்ள?"

இதே கேள்விக்கு அக்காவிடம் மழுப்பியாகிவிட்டது. அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மூன்று போசிகளையும் காலால் நெருக்கி ஒன்றாகச் சேர்த்துவைத்தார். தப்பு செய்தால் பக்கத்திலிருக்கும் பொருளை ஒழுங்குபடுத்துவது அவர் வழக்கம். ஃபோனை எடுத்துப் பார்த்தேன். மண்ணுக்கடியில் ஒரு கோடுகூட இல்லை.

தூரத்தில், முன்பக்கப் பெட்டியிலிருந்து யாரோ நடந்து வரும் ஷூ சத்தம் கேட்டது. ரயிலை ஓட்டி வந்தவர்தான். திரும்பிப் போவதற்குக் கடைசிப் பெட்டிதான் முதல் பெட்டி என்பதால் ஓட்டுநர் உள்ளே நடந்தே இந்தக் கோடிக்கு வருகிறார். வந்தவர் ஒரு இளம்பெண். நீலச் சீருடை, கையில் ஒரு சின்னப் பெட்டி. காலியாக இருக்க வேண்டிய ரயிலில், அரை இருட்டில், வேட்டி கட்டிய ஒரு பெரியவரும், பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்ணும், இரண்டு கையிலும் பாத்திரம் மாட்டிய ஒரு ஆளும் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

மச்சான் மரியாதையாக எழுந்தார். "அம்மணி, சித்த முன்னால தள்ளி நிறுத்துனாப் போதும். எங்க சம்பந்தி ஊட்டுப் பக்கத்துல இருக்கற பால் பூத்துக்கிட்ட. நாங்க எறங்கிக்கறோம்."

அந்தப் பெண் இந்தியில் ஏதோ கேட்டார். இங்கே என்ன செய்கிறீர்கள் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் அது இருக்க முடியாது. என் மனைவி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். விடுதியை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் குரல் அப்படியே இருந்தது.

"ஸாரி மேடம். ஹம் கோ செக்-அவுட் கர்னா ஹை. லேட் செக்-அவுட்."

ஓட்டுநர் அவளை உற்றுப் பார்த்தார்.

"லக்கேஜ் ஸாத் மே ஹை," என்றாள் மனைவி, போசிகளைக் காட்டி. பிறகு மச்சானைக் காட்டி, அவருக்காக விடுதியில் பயன்பட்ட ஒரு வாக்கியத்தைத் தேடினாள். "யே படே கெஸ்ட் ஹைங்."

இவர் பெரிய விருந்தாளி. எங்கள் எல்லோரையும் விட ஓட்டுநருக்கு அது அதிகம் புரிந்ததுபோல் இருந்தது. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு நன்றாகத் தெரிந்தது. உட்காருங்கள் என்று கையால் காட்டிவிட்டு, எங்களைத் தாண்டிப் போய்த் தன் அறைக்கதவைத் திறந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ரயில் முழுக்க ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. மூன்று பேருக்கான அறிவிப்பு.

"என்ன சொல்லுது அந்தப் புள்ளை?" என்றார் மச்சான்.

"பெரிய விருந்தாளி உக்காந்தே இருக்கணுமாம்," என்றாள் மனைவி. "எந்திரிச்சா ரூம் வாடகை ஏறுமாம்."

விளக்குகள் முழுதாக எரிந்தன. ரயில் வந்த பக்கமே நகர்ந்தது.

நான் பிளாட்பாரத்தில் எதிர்பார்த்த காட்சி ஒன்று உண்டு. அக்கா அழுதுகொண்டு நிற்பாள். சம்பந்தியம்மா கடிகாரத்தைக் காட்டுவார். பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். அதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று மூன்று விதமாக யோசித்தும் வைத்திருந்தேன். ஆனால் கதவு திறந்தபோது, மூன்று பேரும் எவர்சில்வர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்துப் பதறினேன். கிட்டப் போனபிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

அங்கே நடந்ததைப் பெண்தான் பிறகு சொன்னாள். ரயில் போனதும் அக்கா கொஞ்சநேரம் இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். சம்பந்தியம்மா, "என்னுங்க சம்பந்தி இது, சீரெல்லாம் அதுலயே போயிருச்சே," என்று கேட்க, அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம்.

"போகட்டுமுங்க. அந்த மனுசன் எங்க போனாலும் சோத்தோட போயிருக்கறாரு. பசின்னு வந்து நிக்க மாட்டாரு."

அதற்குத்தான் முதல் சிரிப்பு. அது அடங்கினதும் சம்பந்தியம்மா கடிகாரத்தைப் பார்த்தாராம். பார்த்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டாராம்.

"அங்க கொழந்தை பொறந்தா எனக்கு எப்பிடிங்க தெரியும்? ஃபோன்ல போட்டோ அனுப்புவீங்களாக்கும்?"

"போட்டோ எதுக்குங்க?" என்றாளாம் அக்கா. "நீங்க வந்து கூட இருந்து பாத்துக்குங்க. உங்குளுக்கு ஊட்ல ஒரு ரூம்பு இல்லாமயா போச்சு? நாந் தனியா என்ன பண்டுவேன்?"

அக்கா அதைத் திட்டம்போட்டுச் சொல்லவில்லை. சோறு போய்விட்டது, பெண்ணும் வரப்போவதில்லை என்ற நிலையில், வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள். இத்தனை நாள் ஃபோனில் நாங்கள் எல்லோரும் பெண்ணை அனுப்புங்கள், பெண்ணை அனுப்புங்கள் என்றே கேட்டிருக்கிறோம். நான்கூட இரண்டு முறை பேசினேன். நீங்களும் வாங்க என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் போசிகளோடு பெஞ்சை நெருங்கியதும் சம்பந்தியம்மா எழுந்தார். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேச நேரமில்லீங்க," என்றார் சம்பந்தியம்மா. "ஊட்டுக்குப் போறதுக்குள்ள பன்னண்டு தாண்டிரும். நடங்க, மேல போலாம். வாசல்லயே ஊட்டிப்போடலாம்."

"ஸ்டேஷன் வாசல்லயா?" என்றேன் நான்.

"ராகு காலத்துக்கு ஊடு எது, ஸ்டேசன் எதுன்னு தெரியுமுங்களா?"

இதே ராகு காலத்தை வைத்துத்தான் அவர் ஒரு வாரமாக எங்களைக் கட்டிப்போட்டிருந்தார். இப்போது அதையே வைத்து எங்களை ஓட்டினார். லிஃப்ட்டில் பெண்ணும் அவரும் அக்காவும். படிக்கட்டில் நாங்கள் மூன்று பேரும் ஏழு போசியும். வெளியேறும் கதவில் என் டிக்கெட்டைக் காட்டினால் திறக்கவில்லை. இவ்வளவு சின்னப் பயணத்துக்கு இவ்வளவு நேரம் உள்ளே இருந்தது யந்திரத்துக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அங்கிருந்தவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். பிளாட்பாரத்தில் கைகாட்டிய காவலர் எங்களுக்கு முன்பே மேலே வந்து, நடந்ததை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் மச்சானைத்தான் பார்த்தார்கள்.

வெளியே பாட்டரி ரிக்‌ஷாக்கள் நிற்கிற இடத்தில் கொஞ்சம் நிழல் இருந்தது. ஒரு ரிக்‌ஷாக்காரர் தன் வண்டியின் பின்சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். பெண்ணை அதில் கிழக்குப் பார்க்க உட்காரவைத்தோம். தாய்மாமன் முதல் வளையலைப் போட வேண்டும். போட்டேன். இரண்டாவது முயற்சியில்தான் ஏறியது. அக்கா சர்க்கரைப் பொங்கல் போசியைத் திறந்தாள். கரண்டி கொண்டுவந்திருந்தோம், அது எந்தப் பையில் என்று பார்க்க நேரமில்லை. கையால் எடுத்து முதல் வாய் ஊட்டினாள். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார்.

"ஆச்சு," என்றார். "இன்னும் நேரம் இருக்குது."

இருந்தது. அதிகம் இல்லை.

பிறகு நடந்தது எங்கள் கையில் இல்லை. கீழே ஒரு ரயில் வந்து, ஆட்கள் மேலே வந்தார்கள். வளையலும் வயிறும் பார்த்தால் எந்த ஊர்க்காரருக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது. பெண்கள் நின்று பெண்ணின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தொட்டவர்களைச் சும்மா அனுப்பலாமா என்று மச்சான் ஆரம்பித்தார். பக்கத்துக் கடையில் காகிதத் தட்டு வாங்கிவந்து, ரிக்‌ஷாக்காரர்களுக்கும் காவலருக்கும் பரிமாறினார். பரிமாறும்போது அவர் முகத்தைப் பார்த்தால், இதற்காகத்தான் ரயிலில் அவ்வளவு தூரம் உள்ளே போய் வந்தவர்போல் இருந்தது. எள்ளுச் சோறு என்ன என்று கேட்ட ஒருவருக்கு என் மனைவி, "லோக்கல் ஸ்பெஷல்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே அடுக்குமாடிப் பெண்கள் பதினைந்து பேர் கூடத்தில் காத்திருந்தார்கள். சம்பந்தியம்மா அழைத்திருந்த விருந்தாளிகள். எங்களிடம் மிச்சம் இருந்தது தயிர்ச்சோறு ஒரு போசியும், எலுமிச்சை அரைப் போசியும். அக்கா என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மா அசரவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் முதல் பந்தி வழிப்போக்கர்களுக்குத்தான், சொந்தக்காரர்கள் மிச்சத்தைச் சாப்பிட்டால்தான் பிறக்கிற குழந்தைக்கு நல்லது என்று இந்தியில் சொன்னாராம். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. பெண் அதை எங்களுக்குத் தமிழில் சொன்னபோது மச்சான் மட்டும் ஆமோதித்துத் தலையாட்டினார். வந்தவர்கள் பயபக்தியோடு ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அவர்கள் போனபிறகு பெண்ணின் பெட்டியை எடுக்க நானும் மனைவியும் உள்ளறைக்குப் போனோம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்று பெண்ணுடையது. இன்னொன்று அதைவிடப் பெரியது, பூட்டியிருந்தது. மேல் உறையில் முழங்கால் தைலமும், செய்தித்தாளில் சுற்றிய காபி ஃபில்டரும் தெரிந்தன.

"ஏட்டி, இது யாருக்குள்ளது?" என்றாள் மனைவி.

பெண் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க மாமியாருதுங்க. போன வாரமே கட்டி வெச்சுட்டாங்க. அவரு டிக்கெட்டும் போட்டு வெச்சிருக்கறாரு. யாரும் கூப்புடுலீன்னா அவுத்து வெச்சரலாம்னு சொன்னாங்க. வாய் தவறிச் சொல்லிப்போடாதீங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் மனைவி கூடத்துக்குப் போய் அக்காவின் காதில் ஏதோ சொன்னதைப் பார்த்தேன். அக்கா கையிலிருந்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஏனுங் சம்பந்தி, சாயந்தரமே கெளம்போணும். துணிமணியெல்லாம் எடுத்து வெக்க உங்களுக்கு நேரம் பத்துமுங்களா?"

சம்பந்தியம்மா யோசித்தார். "பத்தாதுங்க. இருந்தாலும் பாக்கறேன். கைக்குக் கெடைக்கறத எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதான்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் கேட்டது. நாங்கள் ஐந்து பேரும் கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காபி குடித்தோம்.

"அவசரமில்லீங்க, மெதுவா எடுத்து வெய்யுங்க," என்று அக்கா வெளியிலிருந்து சொன்னாள்.